மெல்லிய கண்ணாடிக்கு ஓரம் போட: டார்ச்சா, மின்சூளையா, லேசரா, கிரைண்டிங்கா?

இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டி எடுத்த கையோடு தொட்டால் ஓரம் பிளேடு போல இருக்கும். கார்த்திகைக்குள் விளக்குக் கூண்டு முடித்துத் தர வேண்டியவர், சாமி படத்துக்குச் சட்டம் போடுபவர், கல்லூரி ஆய்வகத்துக்குச் சின்னச் சின்னப் பலகைகள் வெட்டித் தருபவர் என்று மதுரையில் பல பேர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: ‘தீயில் காட்டினால் ஓரம் வழவழவென்று ஆகிவிடுமாமே, செய்யலாமா?’

தீயில் காட்டினால் ஓரம் உருகி உருண்டுவிடும் என்பது உண்மைதான். காட்டிய பிறகு அந்தக் கண்ணாடி அடுத்த நாள் காலைவரை முழுசாக இருக்குமா என்பதில்தான் சிக்கல். ஓரத்தை உருக்க அரை நிமிடம் போதும், ஒழுங்காக ஆறவைக்க அரை நாள் வேண்டும். கீழே வரும் நான்கு வழிகளும் இந்த ஒரு கணக்கில்தான் வேறுபடுகின்றன.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

என்ன கண்ணாடி? கடையில் ‘பிளெயின்’ என்று கேட்டு வாங்குவது சோடா-லைம் ஃபுளோட் கண்ணாடி. ஓரத்தை நேராகப் பார்த்தால் லேசான பச்சை தெரியும். ஆய்வகப் பீக்கர், நல்ல அடுப்புப் பாத்திரம் எல்லாம் போரோசிலிகேட். சந்தேகம் வந்தால் ஒரு சில்லை மருந்துக்கடை கிளிசரினிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ போட்டுப் பாருங்கள். போரோசிலிகேட்டின் ஒளிவிலகல் எண் 1.47, இந்த இரண்டு திரவங்களுக்கும் ஏறக்குறைய அதே எண் என்பதால் சில்லு கண்ணில் இருந்து மறையும். சோடா-லைமுக்கு 1.52, அதனால் ஓரக்கோடு தெரிந்துகொண்டே இருக்கும்.

டெம்பர் செய்ததா, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றியதா? ‘டஃபன்’ என்றும் சொல்லும் இந்தக் கண்ணாடியின் ஓரத்தில் கை வைக்கவே கூடாது. கிரைண்டிங் செய்தால் மொத்தமும் பொடியாகக் கொட்டும், சூடுபடுத்தினால் டெம்பர் போய்விடும். ஃபோனுக்கு ஒட்டும் கண்ணாடி போல வேதி முறையில் வலுவூட்டியதையும் சூடுபடுத்தக் கூடாது. அந்த வலுவெல்லாம் மேல்தோலில் சில பத்து மைக்ரான் ஆழத்தில் இருப்பது. சூடு அதைக் கலைத்துவிடும்.

ஓரம் வெளியே தெரியுமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. சட்டத்துக்குள்ளோ தகரத் தவாளிப்புக்குள்ளோ மறையப்போகும் ஓரத்துக்குப் பளபளப்பு எதற்கு?

மேலே ஏதாவது இருக்கிறதா? ரசம், பெயின்ட், பிரின்ட், ஸ்டிக்கர் இருந்தால் சூடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு எவ்வளவு துல்லியம், எத்தனை எண்ணிக்கை? கால் மில்லிமீட்டர் பிசகக்கூடாது என்றால் உருக்கும் வழிகள் கையைக் கடிக்கும். ஆறு துண்டா, அறுநூறா என்பதும் முடிவை மாற்றும்.

## சூடு என்ன நல்லது செய்கிறது, எங்கே கெடுக்கிறது

கட்டரால் கீறி உடைத்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நிறைய இருக்கும். கண்ணாடி தன் உண்மையான வலிமையில் சிறு பங்குக்கே உடைந்துவிடுவதற்கு இந்த நுண்வெடிப்புகளே காரணம் என்று கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921-இலேயே காட்டிவிட்டார். ஓரம் உருகும்போது அந்த வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. கிரைண்டிங் செய்தால் பெரிய வெடிப்புகள் போய்ச் சிறியவை மிஞ்சும். உருக்கினால் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. ஓர வலிமை என்று மட்டும் பார்த்தால் சூடுதான் ஜெயிக்கும்.

கெடுப்பது ஆறும்போது. சோடா-லைம் கண்ணாடியில் ஒரு பகுதிக்கும் பக்கத்துப் பகுதிக்கும் 100 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் 65 மெகாபாஸ்கல் இழுவிசை உண்டாகும். சாதாரண ஃபுளோட் கண்ணாடி வளைவில் தாங்கும் என்று வடிவமைப்பில் வைப்பது 45 அளவு. வெட்டி விட்ட ஓரம் அதையும் தாங்காது. போரோசிலிகேட்டில் அதே 100 டிகிரிக்கு 21 மெகாபாஸ்கல்தான். அது பாதிக்கும் குறைவாக விரிவதால் இந்த மூன்று மடங்கு வித்தியாசம். யூடியூபில் டார்ச் பிடித்து ஓரத்தை உருட்டிக் காட்டுபவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் போரோசிலிகேட் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: உருகிய ஓரம் 510 டிகிரி அளவுக்குக் கீழே வந்ததும் உறைந்துவிடும். உள்பக்கம் ஏற்கெனவே குளிர்ந்து இறுகி நிற்கிறது. ஓரம் மட்டும் மேலும் சுருங்கப் பார்க்கிறது, உள்பக்கம் விடுவதில்லை. அந்த இழுவிசை ஓரத்திலேயே தங்கிவிடும். இதைத் தளர்த்தத்தான் அனீலிங்: முழுப் பலகையையும் 550 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்குவது.

## கேஸ் டார்ச்

எல்பிஜி-காற்றுச் சுடர் மெல்லிய கண்ணாடிக்குப் போதும். ஆக்சிஜன் கலந்தால் வேலை வேகமாக நடக்கும், தப்பும் அதே வேகத்தில் நடக்கும்.

போரோசிலிகேட் பலகை என்றால் இப்படி:

1. ஓரத்தில் மூளி இருந்தால் 220 நம்பர் வைரப் பேடால் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். சுடர் மூளியை நிரப்பாது, மூளியின் வடிவத்தையே பளபளப்பாக்கித் தரும்.
2. சோப்புப் போட்டுக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலேயே விரிசல் விடும். கைரேகை எண்ணெய் கருகித் தங்கும்.
3. காற்றைக் குறைத்து மஞ்சள் சுடரில் பலகை முழுவதையும் அப்படியும் இப்படியும் ஓட்டிச் சூடேற்றுங்கள்.
4. பிறகு நீலச்சுடர். ஓரத்தோடு நிற்காமல் நகர்த்த வேண்டும். சுடர் ஆரஞ்சு-மஞ்சளாக மாறினால் கண்ணாடிப் பரப்பு உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கண்ணாடியில் உள்ள சோடியம் தரும் நிறம் அது. அந்த வெளிச்சம் வேலையை மறைப்பதால் அதை வடிகட்டும் டிடிமியம் மூக்குக் கண்ணாடி அணிவார்கள்.
5. மூலையில் சுடரை நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் சூடு வாங்குவதால் மூலை முதலில் உருண்டு குமிழாகிவிடும்.
6. முடிந்ததும் மறுபடி மஞ்சள் சுடர். லேசாகப் புகை படியும்வரை காட்டி, செராமிக் ஃபைபர் கம்பளிக்குள் செருகி வையுங்கள். ஈரத்துணி, சிமென்ட் தரை, இரும்பு மேசை எதிலும் வைக்கக் கூடாது.

இதே வேலையைப் பிளெயின் கண்ணாடியில் செய்தால் என்ன ஆகும்? விரல் அகலத் துண்டாக, ஒரு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் சில சமயம் தப்பிக்கும். கையகலப் பலகை என்றால் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பாம்பு நெளிந்தது போல ஒரு விரிசல் ஓடும். அப்போதே ஓடினால் நல்லது. ஓடாமல் இரவு முழுக்க அலமாரியில் இருந்துவிட்டு வாடிக்கையாளர் வீட்டில் ‘டிக்’ என்று உடைவதுதான் மோசம். சூளையில் அனீலிங் செய்யும் வசதி இல்லாமல் பிளெயின் கண்ணாடிக்கு டார்ச் பிடிப்பதைச் சேமிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. உருண்ட ஓரம் தடிக்கும். ஒரு மில்லிமீட்டர் பலகையின் ஓரம் தவாளிப்பில் நுழையாமல் போகலாம். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எடுக்கக் கூடாது, வணிக சிலிண்டர் வேண்டும். ஆக்சிஜன் வைத்தால் இரண்டு குழாயிலும் ஃபிளாஷ்பேக் தடுப்பான் (சுடர் குழாய்க்குள் பின்னோக்கி ஓடாமல் தடுப்பது) கட்டாயம். ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவிவிடாதீர்கள், அங்கே தீப்பிடிக்கும். சூடான கண்ணாடி பார்வைக்கு ஆறிய கண்ணாடி போலவே இருக்கும் என்பதால் கைசுடுவது இந்த வேலையில் தினப்படி சங்கதி.

சில்லறை எண்ணிக்கை, போரோசிலிகேட், வளைந்த அல்லது ஒழுங்கற்ற வடிவம்: டார்ச்சுக்கு ஏற்ற இடம் இது.

## மின்சூளை

பிளெயின் கண்ணாடிக்குச் சூட்டால்தான் ஓரம் வேண்டும் என்றால் நேர்மையான பதில் இதுதான். பலகை முழுதும் ஒன்றாகச் சூடேறி ஒன்றாக ஆறுவதால் ஓரத்துக்கும் நடுவுக்கும் சண்டை வருவதில்லை.

2 முதல் 3 மி.மீ. ஃபுளோட் கண்ணாடிக்குத் தொடங்கத் தகுந்த ஒரு கணக்கு:

- அறை வெப்பத்திலிருந்து 540 டிகிரிவரை மணிக்கு 180 டிகிரி
- 540-லிருந்து 740 வரை மணிக்கு 250 டிகிரி
- 740-இல் 5 முதல் 10 நிமிடம்
- சூளை தானாக 550-க்கு இறங்கட்டும். அங்கே 30 நிமிடம்
- 550-லிருந்து 400 வரை மணிக்கு 75 டிகிரி
- பிறகு மின்சாரத்தை நிறுத்தலாம். உள்ளே 60 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது

ஒவ்வொரு சூளையின் வெப்பமானியும் ஒவ்வொரு மாதிரி பொய் சொல்லும். 720-இல் ஒரு துண்டு, 740-இல் ஒன்று, 760-இல் ஒன்று என்று சுட்டுப் பார்த்து உங்கள் சூளையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஓரம் இன்னும் கூராக இருந்தால் 10 டிகிரி ஏற்றலாம். 800-ஐத் தாண்டினால் வேறு கதை: உருகிய கண்ணாடி இயல்பாக 6 மி.மீ. அளவு தடிமனில் நிற்கப் பார்க்கும், அதனால் மெல்லிய பலகை ஓரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு சப்பட்டையாகவும் கோணலாகவும் சுருங்கும்.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று தண்ணீர். போர்வெல் உப்புத்தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டு தங்கும். வெளியே துடைத்தால் போகும் பொட்டு 740 டிகிரியில் கண்ணாடியோடு சேர்ந்து சுட்டுப்போய் நிரந்தரமாகிவிடும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஐப்பசி மழையில் அடித்தட்டும் அதன் மேல் விரிக்கும் ஃபைபர் தாளும் ஈரம் இழுத்திருக்கும். முதலில் வெறும் சூளையில் ஒரு தடவை உலர்த்துவது நல்லது.

அடிப்பக்கம் தட்டில் ஒட்டாமல் இருக்க அலுமினா பூச்சோ மெல்லிய செராமிக் ஃபைபர் தாளோ வேண்டும். எது போட்டாலும் அதன் சொரசொரப்பு கண்ணாடியின் அடியில் பதியும். இரண்டு பக்கமும் தெளிவாக இருக்க வேண்டிய பலகைக்குச் சூளை ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது, வெள்ளீயம். ஃபுளோட் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து உருவாவது. பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை. வெள்ளீயத்தைத் தொட்ட பக்கம் மறுபடி சூடாகி உருமாறும்போது பனி படர்ந்தது போல மங்கலாகும். குறுஅலைப் புறஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பக்கம் பால் போல ஒளிரும். கண்களுக்குக் காப்பு அணிந்து, பக்கம் குறித்து, எல்லாப் பலகைகளையும் ஒரே முகமாக அடுக்குங்கள். இல்லையென்றால் ஒரே கூண்டில் நான்கு பக்கமும் நான்கு விதமாகத் தெரியும்.

செலவைப் பார்ப்போம். 3 கிலோவாட் சூளையில் மின்சாரம் ஓடும் நேரம் ஏழு மணி, அதில் பாதி நேரம் சுருள் எரிகிறது என்று வைத்தால் 10 யூனிட் சொச்சம். 40 × 40 செ.மீ. தட்டில் 15 × 10 செ.மீ. பலகைகளை ஒரு செ.மீ. இடைவெளியோடு ஒரே வாக்கில் அடுக்கினால் ஆறுதான் கொள்ளும். ஆக, பலகைக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல். உண்மையான செலவு யூனிட்டில் இல்லை, நாளில் இருக்கிறது: ஒரு நாளைக்கு ஒரு சூடு. நூறு பலகைக்கு ஆர்டர் எடுத்துவிட்டு இந்தக் கணக்கைப் போடாதவர் மாட்டிக்கொள்வார்.

கரண்ட் போனால்? ஏறும்போது போனால் மூடியைத் திறக்காமல் விட்டு, வந்ததும் இருக்கும் வெப்பத்திலிருந்து தொடரலாம். 550-க்கும் 400-க்கும் நடுவில் போனால் கனமான செங்கல் சூளை தன் சூட்டிலேயே மெதுவாக இறங்கிக் காப்பாற்றும். இலேசான ஃபைபர் சூளை வேகமாக இறங்கிவிடும். அப்படி ஆன பலகைகளை மறுபடி 550-க்கு ஏற்றி அனீலிங் செய்துகொள்ளலாம், வீணாகாது.

விளாச்சேரிப் பக்கம் பொம்மை சுடும் சூளையில் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மண்ணுக்குப் போதுமான சூடு வேறு, கண்ணாடிக்கு வேண்டிய கட்டுப்பாடு வேறு. விறகுச் சூளையில் ஆறும் வேகம் நம் கையில் இல்லை, சாம்பலும் மேலே படியும்.

## லேசர்

அக்ரிலிக் வெட்டும் கடையில் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கிறது, அதில் கண்ணாடி ஓரத்தையும் உருக்கிவிடலாமே என்று தோன்றும். அந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணாடி அதை மேல்தோலிலேயே முழுக்க விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் அந்த இயந்திரம் கண்ணாடியில் வெள்ளையாக எழுத்துப் பொறிக்கிறது. அந்த வெள்ளை என்பதே நுண்வெடிப்புகள். முன்சூடு செய்யாத கண்ணாடியின் ஓரத்தில் காட்டினால் உருகிய விளிம்பு ஆறும்போது நூலாக உரிந்து வரும்.

சரியாகச் செய்ய, பலகை முழுவதையும் முதலில் 500 டிகிரி பக்கம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே லேசரை ஓரத்தில் ஓட்டி, அங்கிருந்தே அனீலிங்குக்கு அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் ஒரே அளவு மெல்லிய பலகை போடும் தொழிற்சாலைக்குரிய வரிசை அது. சின்னப் பட்டறைக்கு இல்லை. போகிற போக்கில்: சைன்போர்டுக் கடையில் அக்ரிலிக் ஓரத்தைச் சுடரால் பளபளப்பாக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் கண்ணாடிக்கும் ஆசைப்படுகிறார்கள். அது பிளாஸ்டிக், குறைந்த சூட்டிலேயே இளகும், இப்படி விரிசல் விடாது.

## கிரைண்டிங்

சூடு இல்லாத வழி என்றாலும் ஒப்பீட்டில் இதைச் சேர்க்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் வருகிற வேலையில் பெரும்பகுதிக்கு இதுவே போதும்.

மறைந்த ஓரத்துக்கு 120 நம்பர் ஈர பெல்ட்டில் இரண்டு பக்கமும் சாய்வாக ஒரு இழுப்பு. அரை மில்லிமீட்டர் முனை மழுங்கினால் சரி. தெரியும் ஓரத்துக்கு 120, 220, 400, 600 என்று வரிசையாகப் போய், கடைசியில் கார்க் பெல்ட்டில் சீரியம் ஆக்சைடு பாலிஷ் பொடி. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய நம்பரின் கோடு பாலிஷுக்குப் பிறகும் தெரியும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் பலகை பெல்ட்டில் அதிர்ந்து மூளியாகும். பத்துப் பலகையை மெழுகு வைத்து ஒரு கட்டாக ஒட்டி, இரண்டு வெளிப்பக்கமும் தடித்த கழிவுக் கண்ணாடி வைத்து மொத்தமாகத் தேய்த்தால் அதிராது. பிறகு வெந்நீரில் மெழுகைக் கழற்றி ஒவ்வொன்றின் முனையையும் கைப்பேடால் மழுக்குங்கள்.

செலவு பெல்ட் தேய்மானத்திலும் சேற்றிலும் இருக்கிறது. அந்த வெள்ளைச் சேறு சாக்கடைக் குழாயில் இறுகிக் கல்லாகும். ஒரு தொட்டியில் படியவிட்டு அள்ளிப் போடுங்கள். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, ஓரமும் சூடேறி விரிசல் விடும், தூசி நெஞ்சுக்குள்ளும் போகும். டெம்பர் போடப் போகும் கண்ணாடிக்கு இந்த வேலையை முன்பே முடித்திருக்க வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கேஸ் டார்ச் | மின்சூளை | லேசர் | கிரைண்டிங் |
|---|---|---|---|---|
| பிளெயின் கண்ணாடி | அனீலிங் இருந்தால் மட்டும் | ஏற்றது | முன்சூடு இருந்தால் மட்டும் | ஏற்றது |
| போரோசிலிகேட் | மிக ஏற்றது | முடியும், சூடு கூடுதலாக வேண்டும் | எளிது | முடியும் |
| ரசம், பிரின்ட் உள்ளது | கூடாது | கூடாது | கூடாது | கவனமாகச் செய்யலாம் |
| அளவுத் துல்லியம் | ஓரம் தடிக்கும் | மூலை உருளும் | நல்லது | மிக நல்லது |
| இரு பக்கத் தெளிவு | கெடாது | அடிப்பக்கம் கெடும் | கெடாது | கெடாது |
| ஒரு நாளில் | கைவேகம் | ஒரு சூடு | ஆயிரக்கணக்கில் | நூற்றுக்கணக்கில் |

## வேலையை வைத்து முடிவு

விளக்குக் கூண்டு. ஓரம் தகரத்துக்குள் மறைகிறது, ஆகவே கிரைண்டிங். ஆனால் ஏனோதானோ என்று விட்டுவிட வேண்டாம். உள்ளே தீபம் எரியும்போது பலகையின் நடு சூடாகும், தகரத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்திருக்கும். இழுவிசை முழுவதும் ஓரத்துக்குப் போகும். அங்கே ஒரு மூளி இருந்தால் விரிசல் அதிலிருந்தே கிளம்பும். 220 நம்பர் வரை தேயுங்கள். 15 செ.மீ. பலகை 100 டிகிரி ஏறினால் விரிவது 0.14 மி.மீ. அளவே, ஆக ஒரு மி.மீ. இடம் விட்டால் தாராளம். இறுக்கிச் செருகினால்தான் ஆபத்து.

சாமி படம், ஃபோட்டோ சட்டம். 2 மி.மீ. கண்ணாடிக்கு ஒரு இழுப்புப் போதும். பாலிஷ் கேட்டால் காசு வீண்.

ஆய்வகப் பலகைகள். போரோசிலிகேட் என்றால் டார்ச். சோடா-லைம் ஸ்லைடு அளவு என்றால் கட்டாக ஒட்டிக் கிரைண்டிங்.

நிறக்கண்ணாடித் தொங்கட்டான், சுவர் அலங்காரம். ஓரம் எல்லாப் பக்கமும் தெரிகிறது, அடிப்பக்கச் சொரசொரப்பும் அழகாகவே இருக்கும். சூளைக்கென்றே பிறந்த வேலை. ஒரே துண்டில் இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்துச் சுடாதீர்கள், விரியும் அளவு ஒத்துப்போகாவிட்டால் ஆறும்போது பிரியும். நிறக்கண்ணாடியின் அனீலிங் வெப்பமும் வேறாக இருக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசை மேல் போடும் கண்ணாடி, அலமாரித் தட்டு. கிரைண்டிங், பாலிஷ், பிறகு டெம்பர். இந்த வரிசை மாறக் கூடாது.

## கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை

டார்ச்சிலோ சூளையிலோ முடித்த பலகையில் இழுவிசை தங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. எல்சிடி கணினித் திரையை வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள்; அதன் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது. போலராய்ட் கூலிங்கிளாஸின் ஒரு கண்ணைத் திரைக்கு நேரே பிடித்துச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்தக் கோணத்தில் நிறுத்தி, இடையில் பலகையை வைத்து மெல்லத் திருப்புங்கள். முழுவதும் இருட்டாகவே இருந்தால் சரி. ஓரத்தை ஒட்டி வெள்ளைப் பட்டை மின்னினால் இழுவிசை இருக்கிறது. மறுபடி 550-க்கு ஏற்றி 30 நிமிடம் நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். மின்னாதவற்றையும் 24 மணி நேரம் பட்டறையிலேயே வைத்திருந்து பிறகு கட்டிக் கொடுங்கள்.